கனகரேகையின் கடைசி அத்தியாயம்

1

வெற்றிலை வாங்கப் போன இடத்தில் கனகரேகை கிடைத்தாள்.

பினாங்கில் நான் வழக்கமாக வெற்றிலை வாங்கும் கடை துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. கடைக்காரர் ஒரு ராவுத்தர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அன்று அவர் கடை வாசலில் பழைய புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டி இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எங்கோ ஒரு தமிழ்ப் படிப்பகத்தை மூடிவிட்டார்களாம்.

"எடைக்குத்தாம்மா போகப் போவுது. வேணுங்கிறத எடுத்துக்கங்க," என்றார்.

எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? மேல்கட்டை அவிழ்த்தேன். மூன்றாவதாக இருந்த புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் தாளைத் தொட்டதும் ஓரம் பொடிந்து மடியில் விழுந்தது. நடுவில் தடித்த எழுத்தில் 'கனகரேகை அல்லது கப்பலில் மறைந்த கணவன்'. அதன் கீழே, 'காதலும் மர்மமும் நிறைந்த இனிய நாவல்'.

பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ராவுத்தர் பயந்துபோய்த் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

நான் இந்தத் தீவுக்கு வந்து இந்த ஆவணியோடு முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு வயது இப்போது அறுபத்தொன்று. ஊரில் என் வயதுக்காரர்கள் இருந்தால் அந்த நாவல்களை மறந்திருக்க மாட்டார்கள். மாதம் ஒன்றாகப் பட்டணத்தில் அச்சாகி வரும். தலைப்பில் கட்டாயம் ஒரு 'அல்லது' இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கதாநாயகி மூர்ச்சை போடுவாள். துப்பறிகிறவர் வளையல் செட்டியாக வருவார், பண்டாரமாக வருவார், ஒருமுறை பிரசவம் பார்க்கும் கிழவியாகவே வந்துவிட்டார்.

கனகரேகையின் கதை இதுதான். தூத்துக்குடி முத்து வியாபாரி ஒருவனுக்கு அவள் வாழ்க்கைப்படுகிறாள். மணமான மூன்றாம் மாதம் அவன் புறாமுட்டை அளவுள்ள ஒரு முத்தோடு கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறான். விடிந்து பார்த்தால் அறை காலி. சன்னல் திறந்திருக்கிறது, தலையணையில் இரத்தம். செத்தானா, இருக்கிறானா? அதற்குப் பதில் தெரிய இருபத்துநாலு அத்தியாயம் காத்திருக்க வேண்டும்.

எழுதியவர் எங்கள் ஊரைக் கண்ணால் கண்டதில்லை என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையும் அருவியும் வைத்திருந்தார். முத்தை வலைவீசி அள்ளினார்கள் என்று எழுதியிருந்தார். என் அய்யா இதைக் கேட்டுவிட்டு, "முத்துக்கு வலையா? அப்ப வெள்ளாட்டுக்குத் தூண்டில் போட்டானாளா?" என்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்க ஆரம்பித்தேன். வாரக் கடைசியில் வந்த பேத்தி, கதையைச் சொல்லச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ ஏன் பாட்டி கொழும்புக்கு ஒரு போன் போடல?" என்றாள். ஒரு ஆள் போனால், அவனே திரும்பி வந்து நிற்கும்வரை அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத காலம் ஒன்று இருந்தது என்று எப்படிச் சொல்வது?

ஓட்டையும் உடைசலுமான கதைதான். எல்லா ஓட்டையும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தக் காலி அறையின் கதவு திறக்கும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுப்பில் சோறு தீய்ந்தது. அறுபத்தொரு வயதுக் கிழவியை உட்கார்ந்த இடத்தில் கட்டிப்போட அந்த மனிதருக்கு இன்னும் தெரிந்திருக்கிறது. மூன்றே நாளில் இருபத்துமூன்று அத்தியாயம் முடித்தேன்.

இருபத்துநாலாவதை மட்டும் வாசிக்கவில்லை. விரல் அந்தத் தாளைத் திருப்ப மறுத்தது.

2

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. எனக்குப் பதினெட்டு வயது. கன்னியர் பள்ளியில் எட்டாவதோடு நிறுத்தி, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாவுக்குக் கடற்கரைப் பக்கம் கயிற்றுக்கடை. கொழும்புக்குப் போகும் தோணிகளுக்கு வடமும் பாயும் அங்கேதான் வாங்குவார்கள். அம்மா நான்கு வருடத்துக்கு முன்பே தவறிவிட்டாள். வீட்டில் ஒரு பெண்துணை வேண்டும் என்றுதான் அண்ணனுக்கு அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள். அண்ணன் ரங்கூனில் ஒரு தமிழ் வியாபாரியின் கடையில் வேலை பார்த்தான்.

அண்ணன் மனைவி பாக்கியம் ஏரலுக்குப் பக்கத்துக்காரி. நான் அவளை மைனி என்று கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். அவளுக்கும் தாய் கிடையாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் கதை என்றால் உயிர். பக்கத்துத் தெருக் கம்பவுண்டர் மனைவியிடம் நான் நாவல் இரவல் வாங்கிவருவேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும், சுற்றிவைத்த கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்துவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். அதற்குமேல் கேட்டால், "வேண்டாம்ளா, நாளைக்கு என்ன செய்யது?" என்பாள். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. புத்தகம் கைக்கு வந்ததும் கடைசி அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து, கணவன் பிழைத்துத் திரும்பி வருகிறான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் அத்தியாயத்துக்கே போவேன்.

கார்த்திகையில் அண்ணன் விடுப்பு முடிந்து ரங்கூனுக்குத் திரும்பிப் போனான். அவன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் இருக்காது, அங்கே குண்டு விழுந்தது. அதோடு கடிதம் நின்றது. மைனி அப்போது உண்டாகியிருந்தாள். ரங்கூனிலிருந்து சனங்கள் மலையும் காடுமாக நடந்தே வருகிறார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கனகரேகை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கப்பலில் மறைந்த கணவன் என்ற தலைப்பை நான் வாசித்ததும் மைனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவன் வருவானாளா?" என்றாள்.

"அதைச் சொல்லக் கூடாது மைனி."

"சொல்லாத. சொல்லாத. வாசி."

வைகாசி மாதம் ஒரு மத்தியானம். இருபது அத்தியாயம் முடிந்திருந்தது. அய்யா வழக்கமில்லாத நேரத்தில் கடையை விட்டு வந்து, என்னைக் கிணற்றடிக்கு வரச் சொன்னார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்துக்கும் என் வாய்தான். மடியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். கல்கத்தாவிலிருந்து வந்திருந்தது.

"வாசி. மெதுவா வாசி," என்றார்.

அண்ணனோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர் எழுதியிருந்தார். இருவரும் ஒன்றாகத்தான் நடந்திருக்கிறார்கள். மலைப்பாதையில் அண்ணனுக்குக் காலரா கண்டது. இரண்டு நாள்தான் இருந்தான். தானே மண் வெட்டிப் புதைத்ததாகவும், மேலே கல் அடுக்கிவைத்ததாகவும், அந்த இடத்தின் பெயர் தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார்.

நான் வாசித்து முடித்தேன். எப்படி முடித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அய்யா வாளியைக் கிணற்றில் இறக்கினார். தண்ணீர் எடுத்தார். அதைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றினார்.

"புள்ள பொறக்கட்டும்," என்றார். "அதுவரைக்கும் இது ஒன்னோடயும் என்னோடயும் நிக்கட்டும். அவ வயித்துல இருக்கது அவன் ரத்தம்லா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"சரிய்யா."

"அழுகாத. மொகத்தக் கழுவு. அவ கூப்பிடுதா பாரு."

உள்ளேயிருந்து மைனி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏளா ராசம், இன்னைக்கு வாசிக்கலியா?"

3

இங்கே எனக்கு இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை. என் வீட்டுக்காரர் இருந்தபோது, இன்றைக்கு எழுதிப்போடலாம் நாளைக்கு எழுதிப்போடலாம் என்று ஒத்திப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டார். அவர் போன பிறகு மூத்த மகன் செல்வம் கோலாலம்பூரிலிருந்து வந்து, படிவங்களை நிரப்பி, கையெழுத்து வாங்கிப் போனான். ஐந்து வருடம் கழித்து, கனகரேகையை நான் வாசித்த அதே வாரத்தில், மொழித் தேர்வுக்கு வரச்சொல்லித் தாக்கீது வந்தது. மலாய் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

எனக்கும் மலாய் மொழிக்கும் உள்ள உறவு சண்டையில் ஆரம்பித்தது. வந்த புதிதில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாள் எனக்கு ஒரு தட்டுச் சோறு கொடுத்தாள். இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் அதைக் காட்டி, "பசி, பசி" என்றேன். அவள் முகம் கறுத்து, தட்டைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஊசிப்போனது என்று அர்த்தமாம். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு இரண்டு மாதமும் நான்கு கிண்ணம் பாயாசமும் ஆயின. அப்புறம் நாங்கள் முப்பது வருடம் அக்கா தங்கையாக இருந்தோம்.

தேர்வுக்கு என்னோடு செல்வம் வந்தான். வெளியே வரிசையில் என்னைப் போலப் பத்துப் பேர். எதிரே இருந்த சீனக் கிழவர் உதட்டுக்குள் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். உள்ளே தலையில் முக்காடிட்ட ஒரு இளம்பெண் அதிகாரி. என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். பெயர் கேட்டாள், பிள்ளைகளைக் கேட்டாள். பிறகு, "உங்களுக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றாள்.

கனகரேகையை வாசித்த நாளிலிருந்து மண்டையில் வேறெதுவும் இல்லை. வாய் தானாகத் திறந்தது. "ஒரு ஊரில் ஒரு பெண்" என்று ஆரம்பித்தேன். என் மலாய் காய்கறி வாங்குகிற மலாய். ஆனால் அந்தக் கதைக்கு என்ன சொற்கள் வேண்டும் பாருங்கள். கப்பலுக்கு அவர்களும் 'காப்பால்' என்கிறார்கள். கடைக்கு 'கெடாய்'. முத்துக்கு 'முத்தியாரா'. புருஷனுக்கு 'சுவாமி'. எங்கள் கடற்கரையின் சொற்கள் எனக்கு முன்பே, எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்பே, இங்கே வந்து இறங்கி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. முப்பத்தெட்டு வருடம் தினமும் பேசிய சொற்கள்தான். அன்றுதான் அவற்றைக் காதால் கேட்டேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முகவாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். காலி அறை, திறந்த சன்னல், இரத்தம். எல்லாம் சொன்னேன்.

"அப்புறம்? புருஷன் திரும்பி வந்தானா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். வந்தான் என்றும் சொல்ல முடியவில்லை, வரவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"தெரியாது," என்றேன்.

அவள் சிரித்தாள். "உங்கள் கதை, உங்களுக்கே தெரியாதா?" என்றபடி தாளில் ஏதோ எழுதி முத்திரை குத்தினாள். தேறிவிட்டேன். வெளியே வந்ததும் செல்வம், "ஏம்மா கண்ணு கலங்கியிருக்கு, திட்டிட்டாங்களா?" என்றான்.

"இல்லப்பா. எனக்கு ஊருக்குப் போகணும்," என்றேன்.

4

அந்தக் கடிதம் வந்த பிறகு மிச்சம் நாலு அத்தியாயம் இருந்தது. உடம்பு சரியில்லை, தலைவலி என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் மைனியே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வயிறு அப்போது நன்றாகத் தெரிந்தது. மூன்று அத்தியாயம் எப்படியோ வாசித்துவிட்டேன். கணவன் உயிரோடு இருக்கலாம் என்று துப்பறிகிறவருக்குச் சந்தேகம் தட்டும் இடத்தில் இருபத்துமூன்றாவது முடிகிறது. மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, நான் சொன்னம்லா!" என்றாள்.

நாளைக்கு அவன் கரையில் வந்து இறங்குவான். நான் அதை என் வாயால் வாசிக்க வேண்டும். அவள் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு அவள் மூன்று மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கப்புறம் நாங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன்.

அந்த ஆசிரியரின் நடை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. 'வாசகர்களே!' என்று ஆரம்பித்தேன். துப்பறிகிறவர் திரும்பி வந்தார். முத்தையும் மோதிரத்தையும் மட்டும் கொண்டுவந்தார். கணவன் கடலோடு போய்விட்டான். கனகரேகை மூர்ச்சையாகி விழுந்தாள், எழுந்தாள். உயிரை விடவில்லை, காசிக்கும் போகவில்லை. ஒரு நாள் காலையில் குளித்து, கணவனுடைய கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து, அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். 'முற்றிற்று' என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

நான் அழவில்லை. என் அண்ணனை நானே ஒருமுறை கொன்று முடித்ததுபோல இருந்தது.

மைனி ஒரு கயிற்று நுனியைப் பிரித்துப் பிரித்துத் திரும்ப முறுக்கினாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான் மைனி."

"சரி. எந்திச்சு வா. கருப்பட்டிக் காப்பி போடுதேன்."

அவள் அதைக் கதையாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே புத்தகத்தைக் கம்பவுண்டர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆவணியில் பெண்குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும் அய்யா மைனியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். தெருவே கூடியது. அவள் அழுத அழுகையை நான் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வருடம் அய்யாவுக்கு முடக்குவாதம் வந்து நடக்க முடியாமல் போனது. கடை நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. ஒரு காலையில் மைனி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனாள். தூத்துக்குடிக் கடற்கரையில் கயிற்றுக்கடையில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்ததை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. முப்பத்தைந்து வருடம் அந்தக் கடையை நடத்தினாள்.

நான் நாற்பத்தேழில் கல்யாணமாகிக் கப்பல் ஏறினேன். இத்தனை வருடமும் கடிதத்தில் என்னென்னவோ எழுதினோம். இதை மட்டும் நான் எழுதவில்லை. காத்திருந்த ஒருத்தியிடமிருந்து ஒரு நல்ல முடிவைத் திருடியவள் நான். அது சரியா தப்பா என்று எந்தக் கோயிலில் நின்று கேட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

5

சென்ற மாதம் ஊருக்குப் போனேன். விமானத்தில் சென்னை, அங்கிருந்து ரயில். மைனி மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் பள்ளி ஆசிரியை, மருமகனுக்கு சாகுபுரத்துத் தொழிற்சாலையில் வேலை. இருவரும் வேலைக்குப் போய்விட்ட காலைப் பொழுது. மைனி கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெள்ளை. கை மட்டும் கயிறு இழுத்த கை, காய்ப்புக் காய்ப்பாக.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"என்னதுளா இது?"

"கனகரேகை, மைனி. ஞாபகம் இருக்கா?"

அவள் பொடிந்த ஓரத்தை விரலால் தடவினாள். "கப்பல்ல காணாமப் போனானே, அந்தப் பய கதையா?"

"மைனி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்குக் கடைசியில வாசிச்சது இந்தப் புத்தகத்துல கிடையாது. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்." நாற்பத்துமூன்று வருடம் தொண்டையில் இருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

மைனி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"எனக்கு எழுத்துத்தாம்ளா தெரியாது. ஒன்னயத் தெரியாதா? எப்பவும் நீ வாசிக்கையில கண்ணு எறும்பு மாதிரி ஊந்துகிட்டே போவும். அன்னைக்குச் சொவத்தப் பாத்துக்கிட்டு வாசிச்ச. பக்கத்தத் திருப்பவே இல்ல. கதைய மாத்துதான்னு தெரிஞ்சு போச்சு. ஏன் மாத்துதான்னு யோசிச்சேன். அய்யாவும் அந்த வாரம் பூரா என் மொகத்தப் பாத்துப் பேசல." மடியில் விழுந்த தாள் பொடியைத் தட்டிவிட்டாள். "அப்பவே தெரிஞ்சு போச்சு, அவரு இல்லன்னு."

"காப்பி போடுதேன்னு எந்திச்சீங்களே மைனி."

"அடுப்படியில பொகையில அழுதா யாருக்குத் தெரியும்? வெறகு பச்சையா இருந்தது, நல்லதாப் போச்சு."

"மூணு மாசம்! ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலியே?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா ஒடஞ்சு போவ. ஒனக்கு அவரு கூடப் பொறந்தவர்லா? அழக்கூட முடியாம அத்தன பெரிய பாரத்த எனக்காவத் தூக்கிக்கிட்டு நிக்க. அய்யா ராத்திரிச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருப்பாரு, வாயில வைக்க மாட்டாரு. ரெண்டு பேரும் எனக்குத் தெரியாதுங்கிற ஒரு நெனப்புலதான் எந்திச்சு நடமாடுதீக. அதையும் பறிச்சிட்டா இந்த வீடு என்னத்துக்கு ஆவும்னு நெனச்சேன். புள்ள பொறக்கட்டும்னு நானும் இருந்துட்டேன்."

அய்யா கிணற்றடியில் சொன்ன அதே வார்த்தை. அதை அவள் கேட்டிருக்க முடியாது.

நாங்கள் இருவரும் சேர்ந்து அவளைத் தாங்கிப் பிடித்திருந்தோம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இருபத்தோரு வயது, எழுத்து தெரியாது, தாய் கிடையாது, வயிற்றில் ஏழாம் மாதம். அவள்தான் எங்கள் இரண்டு பேரையும் தாங்கியிருக்கிறாள். நான் வாசித்த எந்த நாவலிலும், எந்தத் துப்பறிகிறவரும், இப்படி ஒரு இரகசியத்தை இப்படிக் காத்ததில்லை. என் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன உருவத்தைப் பார்க்க எனக்கு ஏதோ மலையடிவாரத்தில் நிற்பதுபோல இருந்தது. காலைத் தொட்டுவிட்டேன்.

"சீ, எந்திளா. பைத்தியம்," என்று தலையில் தட்டினாள்.

"நான் சொன்ன கதையில அவ சாவியை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனாளே. நீங்களும்..."

மைனி சிரித்தாள். "ஒன் கதையக் கேட்டா போனேன்? அய்யாவுக்கு நடக்க முடியல, புள்ளைக்குப் பால் வேணும், போனேன். நீ ஒன்னய ரொம்பப் பெரிய கதைக்காரியா நெனச்சுக்கிடாத."

இருவரும் சிரித்தோம். சிரித்து, கண்ணைத் துடைத்தோம். அப்புறம் அவள் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"சரி, வாசி. நெசமா என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபத்துநாலாவது அத்தியாயத்தைத் திறந்தேன். பினாங்கில் திரும்ப மறுத்த தாள் சுலபமாகத் திரும்பியது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக, வரியைத் தாண்டாமல், விரல் வைத்து வாசித்தேன். துப்பறிகிறவர் தாடியைக் கழற்றினார். முத்துக்கு ஆசைப்பட்டு எல்லாம் செய்த கணவனின் சித்தப்பன் பிடிபட்டான். தூத்துக்குடிக் கடற்கரையில் சனங்கள் கூடினார்கள். ஒரு பெரிய கப்பல் மணலை உரசிக்கொண்டு வந்து நின்றது.

"மணல் வரைக்குமா? நம்ம ஊரு கடல்ல அஞ்சு மைல் தள்ளிலா கப்பல் நிக்கும்," என்றாள் மைனி. "முட்டாப்பய. சரி, வாசி."

"'கப்பலின் ஏணி இறங்கியது,'" என்று வாசித்தேன். "'முதலில் மாலுமிகள் இறங்கினார்கள். கனகரேகை கூட்டத்தின் பின்னால், தலை குனிந்து நின்றாள். அப்போது ஏணியின் உச்சியில் ஒரு வாலிபன் தோன்றினான். உடல் மெலிந்திருந்தது. தாடி வளர்ந்திருந்தது. அவன் படிப்படியாக இறங்கி வந்து, கரையில் கால் வைத்தான். வைத்ததும் நாலா பக்கமும் பார்த்தான்...'"

மைனியின் கை வந்து பக்கத்தின் மேல் படிந்தது.

"அங்கன நிறுத்து."

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு மைனி. இனிமேதான் ரெண்டு பேரும்..."

"இருக்கட்டும்ளா," என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவரு கொஞ்ச நேரம் அங்கன நிக்கட்டும்."